சாவிக்கொத்தும் பத்தாவது நரம்பும்

போன தடவை மின்விசிறி ரெகுலேட்டரைப் பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்தேன். இந்தத் தடவை மயங்க வைக்கப் போகிறேன். :-) விஷயமே மயக்கம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவ மாணவன் இல்லை. பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் வருடம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு மயக்கம் மூன்று வருடமாக வேறு பெயரில் குடியிருந்தது. அந்தப் பெயரால் ஒரு வேலை போனது, இரண்டு வரன் போனது. அந்தக் கோபத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இதெல்லாம்.

அக்கா என்று நான் சொல்வது பெரியம்மா பெண்ணை. திருப்பூரில் பாதிப் பேரைப் போல பனியன் கம்பெனி வேலை. செக்கிங். தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டி, நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம் போட வேண்டும். டெய்லர் உட்கார்ந்து தைப்பார். செக்கிங் ஆட்கள் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டரை. அதற்கு எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்று பெயர்.

2022 மே மாதம், நல்ல கத்திரி வெயில், சனிக்கிழமை. சிப்மென்ட் அவசரம். பக்கத்திலேயே அயர்ன் டேபிள், ஸ்டீம் அடித்துக்கொண்டே இருக்கும். அக்கா காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு பெல் அடிக்க அரைமணி நேரம் இருக்கும்போது அக்காவுக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்திருக்கிறது. வயிற்றைப் புரட்டியது. நெற்றியில் ஜில்லென்று வியர்வை. காதில் ஙொய்ங் என்று சத்தம். கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, கண்ணக் கட்டுதுங்..." என்று பக்கத்து டேபிள் அக்காவிடம் சொன்னதுதான் ஞாபகம். சரிந்துவிட்டாள்.

இதுவரை நடந்தது உடம்பின் தப்பு. இதற்குமேல் நடந்தது எல்லாம் மனிதர்களின் தப்பு, நல்ல மனதோடு செய்த தப்பு. நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்து, விழாமல் இருக்க இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். தலை நேராக நிற்க ஒருவர் தாடையைப் பிடித்தார். உட்கார்ந்த நிலையிலேயே அக்காவின் கை வெட்டி வெட்டி இழுத்தது. "வலிப்புங்க! இரும்பு குடுங்க!" என்று யாரோ கத்த, ஆபீஸிலிருந்து ஷட்டர் சாவிக்கொத்து வந்தது. அது போதாது என்று ஃபிளாட்லாக் மெஷின் ஸ்குரூடிரைவரையும் சேர்த்துக் கையில் அமுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பிடித்திருந்தவர்களுக்குக் கை வலித்து, கீழே துணி பண்டலில் படுக்கவைத்தார்கள். படுக்கவைத்த அரை நிமிடத்தில் கண் திறந்துவிட்டாள். பேர் புகழ் எல்லாம் சாவிக்கொத்துக்குப் போய்விட்டது!

அன்று சாயங்காலமே ஒரு கிளினிக். "கை இழுத்துச்சா?" "இழுத்துச்சுங்." அவ்வளவுதான் விசாரணை. வலிப்பு மாத்திரை ஆரம்பித்தது. திங்கள்கிழமை கம்பெனியில், "வலிப்பு இருக்கற புள்ளைய மெஷின்களுக்கு நடுவுல நிக்க விட முடியாதுங்க, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது" என்று கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வலிப்பு ஒரு கேவலம் இல்லை. அது மூளையின் மின்சாரக் கோளாறு, பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையில் அடங்குகிற விஷயம். இந்துத் திருமணச் சட்டத்திலேயே 1976-ல் வலிப்பை ஒரு தடையாகச் சேர்த்து, 1999-ல்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து எடுத்தாலும் தரகர் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். என் ஆதங்கம் அக்காவுக்கு வலிப்பு என்று சொன்னதில் இல்லை. யாருமே கேள்வி கேட்காமல் சொன்னதில்தான்.

மாத்திரை போட்டும் மறுபடி மூன்று தடவை விழுந்தாள். ஒரு தடவை கோயில் வரிசையில். ஒரு தடவை ரேஷன் கடையில். ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தியபோது. ஒவ்வொரு தடவையும் மாத்திரையைக் கூட்டினார்கள். அக்கா பகலில் தூங்கி வழிந்தாள். அமுச்சி வேண்டுதல் மேல் வேண்டுதலாக வைத்தது. மூன்று இடத்தையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

எனக்குத் தோன்றியது கல்லூரி ரத்ததான முகாமில். ஆமாம், வீரமாகப் போய் படுத்த நான், பையில் ஏறும் ரத்தத்தைத் திரும்பிப் பார்த்தேன். கொடுத்து முடித்து எழுந்து நின்றவன் அப்படியே சாய்ந்தேன். நர்ஸ் அக்கா என்னைத் தரையிலேயே படுக்கவைத்து, இரண்டு காலையும் தூக்கி ஒரு நாற்காலி மேல் வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு ஊசி போடப் போய்விட்டார். அவ்வளவு அலட்சியம்! பக்கத்திலிருந்த நண்பன் (நண்பன் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்) அதை செல்போனில் படம் பிடித்து வகுப்பு முழுக்க அனுப்பிவிட்டான். அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கையும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இழுத்தது என்று எல்லோரும் சொன்ன அதே மாதிரி. எனக்கு யாரும் வலிப்பு என்று சொல்லவில்லை. குடிக்க ஜூஸ் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நம் மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் பத்தாவது, வேகஸ். லத்தீனில் 'அலைந்து திரிகிற' என்று அர்த்தம். பெயருக்கேற்ற மாதிரி கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், வயிறு என்று வீடு வீடாகப் போய்த் தலையைக் காட்டும். இதயத்தில் இதன் வேலை பிரேக் பிடிப்பது. தானாக விட்டால் இதயம் நிமிடத்துக்கு 100 வாக்கில் ஓடும். வேகஸ்தான் லேசாக பிரேக்கில் கால் வைத்து 70-க்குக் கொண்டுவருகிறது. இதற்கு அழகான சாட்சி இருக்கிறது. இதய மாற்று அறுவை சிகிச்சையில் இந்த நரம்பு அறுந்துபோகும். அந்த இதயம் சும்மா இருக்கும்போதே 90, 100 என்று துடிக்கும்.

பிரேக்கை முழுசாக அமுக்கினால் என்ன ஆகும் என்று வேபர் சகோதரர்கள் 1845-லேயே காட்டிவிட்டார்கள். நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள், இதயம் நின்றது. நரம்பு தூண்டினால் உறுப்பு வேலை செய்யும் என்று நம்பியிருந்த காலத்தில், வேலையை நிறுத்தவும் ஒரு நரம்பா என்று ஆச்சரியப்பட்டிருப்பார்கள். பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் இருந்த ஓட்டோ லோவி. கனவில் வந்த சோதனையாம்! முதல் நாள் ராத்திரி தூக்கத்தில் எழுதி வைத்த கையெழுத்து காலையில் அவருக்கே புரியவில்லை. (என் செமஸ்டர் நோட்ஸ் மாதிரி.) மறுநாள் ராத்திரி மறுபடி அதே கனவு. இந்தத் தடவை எழுந்து நேராக லேபுக்கு ஓடினார். இரண்டு தவளை இதயம். ஒன்றின் வேகஸைத் தூண்டினார், அது மெதுவானது. அது மிதந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். எந்த நரம்பும் தொடாத அந்த இதயமும் மெதுவானது. அப்படியென்றால் நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. 1921-ல் இதை வெளியிட்டார். அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். 1936-ல் நோபல் பரிசு, ஹென்றி டேலுடன் சேர்த்து.

இப்போது செக்கிங் டேபிளுக்கு வாருங்கள். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. நடந்தால் சதை அமுங்கி பம்ப் மாதிரி வேலை செய்யும். அசையாமல் நின்றால் பம்ப் ஆஃப். அதனால்தான் அணிவகுப்பில் ஆடாமல் அசையாமல் நிற்கிற சிப்பாய்கூட சாய்கிறார். வெயிலில் தோலின் ரத்தக் குழாய்கள் வேறு விரிந்திருக்கும், தண்ணீரும் குடிக்கவில்லை. இதயத்துக்கு வரும் ரத்தம் குறையக் குறைய, உடம்பு முதலில் இதயத்தை வேகமாக ஓட்டி, குழாய்களைச் சுருக்கி சமாளிக்கிறது. ஒரு கட்டத்தில், ஏனோ, கட்டளை தலைகீழாகிறது. வேகஸ் ஓங்கி பிரேக் அடிக்கிறது; அதே நேரத்தில் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருந்த நரம்புகள் கையை விட்டுவிடுகின்றன. இதயம் மெதுவாகி, ரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்கு ஏழெட்டு வினாடி ரத்தம் போகாவிட்டால் நினைவு போய்விடும். ரத்தத்தைப் பார்த்தால், ஊசியைப் பார்த்தால், கடுமையாக வலித்தால், இதே சுவிட்ச் விழுகிறது. இதற்கு வேசோவேகல் மயக்கம் என்று 1932-ல் பெயர் வைத்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ். மருந்து கொடுத்து இதயத் துடிப்பை ஏற்றினாலும் அழுத்தம் உடனே ஏறவில்லை என்று அப்போதே பார்த்திருக்கிறார். குற்றவாளி இதயம் மட்டும் இல்லை, குழாயும்தான்.

கை இழுத்தது? அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிற இடம். 1994-ல் பெர்லினில் ஆரோக்கியமான ஆட்களை வேண்டுமென்றே மயங்க வைத்து வீடியோ எடுத்தார்கள். முழுசாக நினைவிழந்த 42 பேரில் 90 சதவீதம் பேருக்குக் கை கால் வெட்டி இழுத்தது! வலிப்பில் மூளையின் மின்சாரம் புயலாக அடிக்கும். மயக்கத்தில் நேர்மாறாக, ரத்தமில்லாமல் மின்சாரம் அடங்கிப்போகும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது.

பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. மயக்கத்துக்கு முன்னால் வியர்வை, வாந்தி உணர்வு, கண் இருட்டு வரும், முகம் வெளுத்துவிடும். இழுப்பு சில வினாடிதான், ஒழுங்கில்லாமல் இருக்கும். எழுந்ததும் தான் எங்கே இருக்கிறோம் என்று உடனே தெரியும். வலிப்பில் இழுப்பு ஒரு நிமிடம், அதற்கு மேலும் போகலாம். நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கலாம். எழுந்த பிறகும் வெகு நேரம் குழப்பம் இருக்கும்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, 2025-ல் அக்காவையும் பெரியம்மாவையும் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வீடியோ ஆதாரமாக என் மானத்தையும் கொண்டுபோனேன். அவர் நோட்டை வாங்கவே இல்லை. அக்காவிடம் முதல் கேள்வி: "விழுந்தப்பல்லாம் நின்னுட்டு இருந்தியாம்மா, படுத்துட்டு இருந்தியா?" அக்கா யோசித்தாள். கம்பெனி, கோயில், ரேஷன் கடை எல்லாம் நின்றுகொண்டு. லேபில் மட்டும் உட்கார்ந்திருந்தாள், ஆனால் ஊசி. "தூக்கத்துல எப்பவாச்சும்?" "இல்லீங்க." "நாக்குக் கடிச்சியா?" "இல்லீங்க." "எந்திரிச்ச உடனே பேசுனியா?" பெரியம்மா குறுக்கே புகுந்து, "எந்திரிச்ச உடனே, எம் பேக்க எடுங்கன்னு கேட்டாளாமுங்" என்றது. டாக்டர் சிரித்துவிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அரைமணி நேரம் கேள்வி கேட்டார்.

பிறகு சாய்மேஜைப் பரிசோதனை. 1986-லிருந்து மயக்க நோயாளிகளுக்குச் செய்கிறார்கள். பெல்ட் போட்டு ஒரு மேஜையில் படுக்கவைத்து, 60, 70 டிகிரி நிமிர்த்தி, ஈ.சி.ஜி.யும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே சும்மா நிற்க வைக்கிறார்கள். ஒரு வகையில் சம்பளமில்லாத செக்கிங் வேலை! கால் மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அக்கா கொட்டாவி விட்டாள். 96-ல் இருந்த துடிப்பு 60, 45, 38 என்று இறங்கி, திரையில் ஐந்து வினாடி நேர்கோடு. சினிமாவில் பார்க்கிற அதே கோடு. பெரியம்மா அதைப் பார்க்காமல் வெளியே இருந்தது நல்லதாகப் போயிற்று. கை லேசாக இழுத்தது. மேஜையைச் சாய்த்தார்கள், கோடு துள்ளி எழுந்தது, அக்கா கண் திறந்து "முடிஞ்சுதுங்களா?" என்றாள். சாவிக்கொத்து யாரும் கொடுக்கவில்லை.

சாவிக்கொத்தின் மகிமை இப்போது புரிந்திருக்கும். மயக்கமோ வலிப்போ, தானாக அடங்கும் நேரத்துக்குள் சாவி வந்து சேர்கிறது, பெயரைத் தட்டிச் செல்கிறது. சாவியால் பெரிய கெடுதலும் இல்லை. கெடுதல் உட்காரவைத்துப் பிடித்ததில்தான் இருந்தது. மூளைக்கு ரத்தம் போகத்தான் உடம்பே கீழே விழுகிறது. அதை நிமிர்த்திப் பிடித்தால் மயக்கம் நீளும், இழுப்பும் கூடும். தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்குங்கள், போதும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இதயத்தை நிறுத்துவது என்றதும் யோகிகள் ஞாபகம் வரும். 1935-ல் தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஈ.சி.ஜி. கருவியோடு இந்தியா வந்து யோகிகளைச் சோதித்தார். இதயத் துடிப்பின் பதிவு சில வினாடி கிட்டத்தட்ட மறைந்ததாக எழுதினார். அவர் சோதித்தவர்களில் ஒருவர் யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார். 1957 வாக்கில் வெங்கர், பாக்சி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் டெல்லி எய்ம்ஸ் ஆனந்துடன் சேர்ந்து, சென்னையில் இருந்த அவரையும் இன்னும் சிலரையும் மறுபடி பார்த்தார்கள். 1961-ல் வந்த கட்டுரையின்படி, நாடி கைக்குத் தட்டுப்படவில்லை, ஆனால் ஈ.சி.ஜி.யில் இதயம் ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி, வயிற்றையும் மார்பையும் இறுக்கியதில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்திருக்கிறது. வேறொருவர் துடிப்பை நிஜமாகவே நன்றாகக் குறைத்துக் காட்டினார். அவர்கள் தெரிந்து செய்ததைத்தான், கக்கூஸில் முக்கும்போதும் விடாமல் இருமும்போதும் நம்மில் சிலர் தெரியாமல் செய்து மயங்கி விழுகிறார்கள்.

இன்னொன்று, எங்கள் ஊர்த் தொழிலோடு சம்பந்தப்பட்டது: கழுத்து. கழுத்தில், தாடைக்குக் கீழே நாடி துடிக்கும் இடத்தில் அழுத்தத்தை அளக்கும் ஒரு மீட்டர் உண்டு. வயதான சிலருக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, அது ரொம்ப நுணுக்கமாகிவிடும். இறுக்கமான காலரோடு தலையைத் திருப்பினாலே, அழுத்தம் ஏறிவிட்டது என்று தப்பாக நினைத்து வேகஸ் பிரேக் அடிக்கும். ரிப் கழுத்து ஒரு சைஸ் சின்னதாக வந்தால் ரிஜெக்ட் செய்ய இதுவும் ஒரு காரணம் என்று அக்காவிடம் சொன்னேன். அடிக்க வந்தாள்.

சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. தலையில் அடிபட்டவருக்கு மண்டைக்குள் ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறினால், ரத்த அழுத்தம் உயர்ந்து நாடி மெதுவாகும், மூச்சு ஒழுங்கில்லாமல் போகும். ஹார்வி குஷிங் 1901 வாக்கில் விவரித்தது. பைக்கில் விழுந்தவர் தூக்கக் கலக்கமாக இருந்தால் "அசதி, தூங்கட்டும்" என்று விடாதீர்கள். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்து மூளையில் வரும் சில வலிப்புகளே இதயத்தை நிறுத்தி மயக்கத்தைக் கொண்டுவரும், அபூர்வம்தான். ஓடும்போது மயங்கினால், படுத்திருக்கும்போது மயங்கினால், எந்த அறிகுறியும் இல்லாமல் பொத்தென்று விழுந்தால், வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், அதை நரம்பு விளையாட்டு என்று நினைக்கக் கூடாது. இதயத்தின் சொந்த வயரிங் கோளாறாக இருக்கலாம். யார் மயங்கினாலும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது.

அக்காவுக்கு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.) வைத்தியம் என்று கொடுத்தது என்ன தெரியுமா? தண்ணீர் குடி, சாப்பாட்டைத் தள்ளாதே, கண் இருட்டினால் வெட்கப்படாமல் படுத்துவிடு. படுக்க முடியாவிட்டால் காலைக் குறுக்கே பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கு, இரண்டு கையையும் கோத்து இழு. இது பாட்டி வைத்தியம் இல்லை. 2006-ல் வெளியான, 223 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இந்த வித்தையைக் கற்றவர்களில் 32 சதவீதம் பேர்தான் மறுபடி மயங்கினார்கள், கற்காதவர்களில் 51 சதவீதம்.

நின்று வேலை செய்பவருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44-வது பிரிவாக எழுதியிருந்தார்கள். 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கும் இருக்கை தரச் சட்டம் வந்தது. அக்கா விழுந்தபோது உட்காரவைத்துப் பிடித்தார்களே, அந்த செக்கிங் ஹாலில் இருந்தது அந்த ஒரே ஒரு ஸ்டூல்தான்.

இப்போது வேறு கம்பெனியில் அக்காவுக்கு செக்கிங் வேலை. ஒரு பீஸ் முடித்தால் ஒரு தடவை குதிகாலைத் தூக்கி இறக்குகிறாள். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடமாக விழவில்லை. கோயம்புத்தூர் டாக்டர் 'வலிப்பு நோய் இல்லை' என்று எழுதிக் கொடுத்த தாளை அமுச்சி லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறது. போன மாதம் தரகர் வந்தபோது எடுத்து நீட்டியது. அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டுங்க, ஆனா ஊர்ல அப்பிடித்தானுங்களே பேசிக்கறாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்.